கணக்குக் கேட்கும் பாத்தியதை

(பொது நூலகமொன்றில் நடைபெற்ற சட்ட விளக்கக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



குடும்பத்துப் பெரியவர் ஒருவர் காலமான பின்னர், அவர் எழுதிவைத்த உயிலின்படி மனைவிக்கும் மக்களுக்கும் சேரவேண்டிய சொத்தை, அதைச் சேர்ப்பிக்கும் பொறுப்பை ஏற்றவரே கொடுக்காமல் வைத்துக்கொண்டிருப்பாரானால், பாத்தியஸ்தர்கள் செய்யத்தக்கது யாது என்பதே இன்று எனக்கு இடப்பட்ட பொருள். வெளியாரோடு நேரும் வழக்கைக் காட்டிலும் இது மனத்தை அதிகம் வருத்துவது. ஏனெனில் எதிரே நிற்பவர் அந்நியர் அல்லர். தோளில் தூக்கி வளர்த்த அண்ணனாகவோ, தகப்பன் ஸ்தானத்தில் நின்று மணம் முடித்துக் கொடுத்த சித்தப்பாவாகவோ, தாய்மாமனாகவோ இருப்பார். அவரிடம் போய்க் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்று எண்ணி, நம் குடும்பங்களில் பலர், விசேஷமாகப் பெண்மக்கள், வருஷக்கணக்கில் வாய்மூடி இருந்துவிடுகிறார்கள். அவ்வாறு இருப்பதைப் பண்பு என்றும் சொல்ல முடியாது, சட்டம் அதை எதிர்பார்க்கவும் இல்லை. இதை உங்கள் மனத்தில் பதியவைப்பதே என் நோக்கம்.

இந்த நாட்டில் உயில் சம்பந்தமான விதிகள் 1865-ஆம் ஆண்டின் வாரிசுரிமைச் சட்டம், 1870-ஆம் ஆண்டின் இந்து உயில் சட்டம், 1881-ஆம் ஆண்டின் புரொபேட் மற்றும் நிர்வாகச் சட்டம் என்று பலவாகப் பிரிந்து கிடந்து, கடைசியில் 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில் ஒன்றாகத் தொகுக்கப்பட்டன. உயில் எழுதியவர் தம் இறுதி விருப்பத்தை நடத்திவைக்கும் பொறுப்பை எவரிடம் ஒப்படைத்தாரோ, அவரையே அச்சட்டம் நிறைவேற்றுநர் என்று குறிக்கிறது. கோர்ட்டு வட்டாரத்தில் எக்ஸிகியூட்டர் என்பார்கள். இறந்தவரின் ஸ்தாவர ஜங்கம சொத்து முழுவதும் அவரிடம் சென்று நிலைகொள்கிறது என்று 211-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் யாரோ சொல்லக் கேட்டுவிட்டு, ‘சட்டப்படி எல்லாம் என் பேருக்கு வந்துவிட்டது’ என்று பேசும் நிறைவேற்றுநர்கள் உண்டு. அதைக் கேட்டு மனம் தளர்ந்துவிடும் தங்கைமாரும் உண்டு. அந்தப் பிரிவின் கருத்து அதுவன்று. இறந்தவரின் சட்டப் பிரதிநிதி என்ற ஸ்தானத்தில்தான் சொத்து அவர் கைக்கு வருகிறதே ஒழிய, அனுபவிக்கும் சொந்தக்காரர் என்ற ஸ்தானத்தில் அன்று. கோயில் தர்மகர்த்தாவின் இடுப்பில் உண்டியல் சாவி தொங்குவதனால் உண்டியல் அவருடையதாகிவிடுமா? நிறைவேற்றுநரின் அதிகாரமும் அவ்வாறே பிறர்பொருட்டு வகிக்கும் அதிகாரம்.

நியாயம் பேசப் புகுந்தவன் இரு தரப்புக்கும் நியாயம் சொல்ல வேண்டும். ஆகையால் நிறைவேற்றுநர் உடனே கொடுக்காதது எல்லாமே அக்கிரமம் என்று கொள்ளலாகாது. உயில் எழுதியவர் இறந்து ஓராண்டு முடியும்வரை எந்த உயில் கொடையையும் கொடுத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. இது 337-ஆம் பிரிவு. அந்த ஓராண்டு, சொத்து எது, கடன் எது என்று தேடித் திரட்டிச் சீர்செய்வதற்குச் சட்டம் அளித்த அவகாசம். கொடுப்பதிலும் ஒரு வரிசை உண்டு: ஈமச் செலவும் இறுதி நாள் மருத்துவச் செலவும் முதலில், உயிலை நீதிமன்றம் உறுதிப்படுத்தும் புரொபேட் முதலிய நீதிமன்றச் செலவு அடுத்து, இறந்தவரிடம் கடைசி மூன்று மாதங்களில் வேலை பார்த்த கூலியாட்களுக்கும் வீட்டு வேலைக்காரருக்கும் உள்ள சம்பளபாக்கி அதற்கடுத்து, பின்னர் மற்றக் கடன்கள், இவையெல்லாம் தீர்ந்த பிறகே உயில் கொடைகள். பெரிய வீட்டு ஐயா இறந்தால் அவருக்குச் சமைத்துப்போட்ட அம்மாளின் கூலிபாக்கி, மகனுக்குப் போகும் பங்குக்கு முந்தியது என்று வைத்திருக்கிறதே, அது அச்சட்டத்தின் மனிதத் தன்மைக்கு ஓர் அடையாளம்.

ஆகவே ஓராண்டுக்குள் ஒருவர், ‘கடன் கணக்கு இன்னும் முடியவில்லை’ என்று சொன்னால் அதை நம்பிப் பொறுத்திருக்கலாம். நான்காம் ஆண்டிலும் அதே வார்த்தையைச் சொன்னால் அதற்கு வேறு பெயர்.

ஒரு குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உதாரணத்துக்காக நான் அமைத்துக்கொண்ட குடும்பம். கும்பகோணத்தில் ஒரு வீடு, அதன் முகப்பில் வாடகைக்கு விட்ட இரண்டு கடைகள், ஊருக்கு வெளியே மூன்று ஏக்கர் நஞ்சை, வங்கியில் வைப்புத்தொகை, பீரோவில் நகைகள். தகப்பனார் தம் சுயார்ஜித சொத்தைப் பற்றி உயில் எழுதி, மூத்த மகனை நிறைவேற்றுநராக நியமித்து, கடைகளை மகளுக்கும், வீட்டை மகனுக்கும், நிலத்தையும் வங்கிப் பணத்தையும் இருவருக்கும் பாதிப்பாதியாகவும், நகைகளை மகளுக்கும் எழுதிவைத்துக் காலமாகிறார். நான்கு பொங்கல் கழிகிறது. கடைக்காரர்கள் மாதம் பிறந்தால் வாடகையை அண்ணனிடம் கொடுக்கிறார்கள். குத்தகை நெல்லின் கிரயம் அவரிடம் வருகிறது. பீரோச் சாவி அண்ணியின் கொத்தில் இருக்கிறது. பண்டிகைக்கு வந்த தங்கை, தயங்கித் தயங்கி, “அண்ணா, கடை வாடகை இப்போது எவ்வளவு வருகிறது?” என்று கேட்கிறாள். “அதெல்லாம் உனக்கு எதற்கம்மா? நான் என்ன சாப்பிட்டுவிடுவேனா?” என்கிறார் அண்ணன். அவ்வளவோடு நின்றாலும் பரவாயில்லை. அவள் ஊருக்குப் புறப்படுகிற அன்று, சாப்பாட்டு இலை எடுத்த கையோடு, முத்திரைத் தாளில் தட்டச்சு செய்த நாலைந்து பக்கங்களை முன்னே வைத்து, “வரி கட்டுவதற்கு வேண்டியிருக்கிறது, பென்சில் குறி போட்ட இடத்தில் கையெழுத்துப் போடு” என்கிறார். அந்தத் தாள், தன் பங்கை விட்டுக்கொடுத்துவிட்டதாக அவள் எழுதித் தருவதாய் அமைந்த விடுதலைப் பத்திரம்.

இங்கேதான் என் முதல் வேண்டுகோள். வாசித்துப் புரிந்துகொள்ளாத எந்தத் தஸ்தாவேஜிலும், விடுதலைப் பத்திரமாயினும் பவர் பத்திரமாயினும் வெற்றுத் தாளாயினும், கையெழுத்திடாதீர்கள். ஏமாற்றிப் பெற்ற கையெழுத்தை நீதிமன்றத்தில் ரத்துச் செய்ய வழி இருக்கிறது. ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்று நிரூபிக்கும் பாரம் அப்போது கையெழுத்துப் போட்டவர் தலைமேல் விழும். ‘ஒரு நகல் கொடுங்கள் அண்ணா, வீட்டில் காட்டிவிட்டு அனுப்புகிறேன்’ என்று சொல்வது எந்த உறவையும் முறிக்காது.

இனி, அந்தத் தங்கை அடுத்தடுத்துச் செய்யக்கூடியவற்றை முறைப்படி சொல்கிறேன்.

முதலாவது, உயிலின் பிரதி. உயில் பதிவு செய்யப்பட்டிருக்குமானால், அது சார்பதிவாளர் அலுவலகத்தில் உயில்களுக்கென்றே உள்ள மூன்றாம் புத்தகத்தில் ஏறியிருக்கும். உயில் எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ அன்றி வேறெவருக்கும் நகல் தரமாட்டார்கள். அவர் இறந்தபின், மரணச் சான்றைக் காட்டி விண்ணப்பிக்கும் எவரும் நகல் பெறலாம் என்று 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் அநுமதிக்கிறது. அண்ணனிடம் கெஞ்ச வேண்டிய அவசியமே இல்லை. பதிவாகாத உயில் அவர் கையில் மறைந்திருக்குமானால், அதைக் கொண்டுவந்து தாக்கல் செய்யும்படி உத்தரவிட மாவட்ட நீதிபதிக்கு அதிகாரம் உண்டு. கூடவே சொத்துக்களின் வில்லங்கச் சான்று, பட்டா, சிட்டா ஆகியவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். தகப்பனார் காலமான பிறகு எதையேனும் விற்றாரா, அடமானம் வைத்தாரா என்பது அவற்றில் தெரிந்துவிடும்.

இரண்டாவது, எழுத்து மூலமான கோரிக்கை. கூடத்தில் உட்கார்ந்து பேசிய பேச்சுக்கு நீதிமன்றத்தில் சாட்சி இல்லை. இன்ன சொத்து, இன்ன தேதியில் எனக்குச் சேரவேண்டியதாயிற்று, இத்தனை நாளுக்குள் கணக்கைக் காட்டி ஒப்படைக்கவும் என்று, முதலில் தாமே ஒரு கடிதமும், பயனில்லையேல் வக்கீல் நோட்டீசும், ஒப்புகைச் சீட்டு வரும் தபாலில் அனுப்ப வேண்டும். பதில் வந்தால் அவருடைய தரப்பு வெளிப்படும். வராவிட்டால் அந்த மௌனமே பின்னர் சான்றாகப் பயன்படும். 332-ஆம் பிரிவின்படி பாத்தியஸ்தரின் உரிமை முழுமைபெற நிறைவேற்றுநரின் சம்மதம் வேண்டும். ஆனால் சம்மதம் எழுத்தில்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. வாய்ச்சொல்லாலும், நடத்தையாலும் அது வெளிப்படலாம். ‘இனி வாடகையைத் தங்கையிடம் கொடுங்கள்’ என்று கடைக்காரரிடம் அண்ணன் ஒருமுறை சொல்லி, அவ்வாறே இரண்டு மாதம் நடந்திருக்குமானால், சம்மதம் ஏற்பட்டுவிட்டது என்று வாதிக்க அது தக்க ஆதாரம்.

மூன்றாவது, பொறுப்பை ஏற்கவும் மாட்டேன், விடவும் மாட்டேன் என்று உயிலைப் பெட்டியில் பூட்டிவைத்திருப்பவரைப் பற்றியது. உயிலை நீதிமன்றம் மெய்யென ஏற்று முத்திரையிட்டுத் தரும் பிரதியே புரொபேட். நிறைவேற்றுநர் அதைக் கேட்டு விண்ணப்பிக்காமல் காலம் கடத்துவாரானால், ‘ஏற்கிறாயா, துறக்கிறாயா’ என்று கேட்டு நீதிமன்றம் அவருக்கு அழைப்பாணை அனுப்ப 229-ஆம் பிரிவு இடம் தருகிறது. குறித்த காலத்துக்குள் அவர் ஏற்காவிட்டால், உயிலின் பிரதியோடு இணைந்த நிர்வாகப் பத்திரத்தைப் பாத்தியஸ்தர்களில் உரியவருக்கு நீதிமன்றம் வழங்கலாம். அதன் பிறகு அண்ணனின் பூட்டுக்கு அர்த்தமில்லை.

நான்காவது, புரொபேட் பெற்றுக்கொண்டு கணக்குக் காட்டாதவர். இவர்களுக்குச் சட்டம் நாள் குறித்திருக்கிறது. புரொபேட் கிடைத்த ஆறு மாதத்துக்குள் சொத்துக்களின் முழுப் பட்டியலையும், ஓராண்டுக்குள் வரவு செலவுக் கணக்கையும் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 317-ஆம் பிரிவு. நீதிமன்றம் விரும்பினால் அவகாசத்தை நீட்டலாம். தாக்கல் செய்யும்படி நீதிமன்றம் கட்டளையிட்டும் வேண்டுமென்றே செய்யாமலிருப்பதும், பொய்க் கணக்குக் கொடுப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். தக்க காரணமின்றிக் கணக்கைத் தாக்கல் செய்யாதவரின் புரொபேட்டையே ரத்துச் செய்ய 263-ஆம் பிரிவு வகைசெய்கிறது. ஆகவே கோர்ட்டு அலுவலகத்தில் அந்தக் கோப்பைப் பார்வையிட்டு, பட்டியல் தாக்கலாயிற்றா, கடை வாடகை அதில் ஏறியிருக்கிறதா, நகை எடை எழுதியிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலையாக இருக்கட்டும்.

ஐந்தாவது, உயர்நீதிமன்றம். நிர்வாகத்தை இப்படி நடத்து என்று நிறைவேற்றுநருக்குக் கட்டளையிட 302-ஆம் பிரிவும், அவரைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கவோ, நீக்கவோ, அவரிடத்தில் வேறொருவரை அமர்த்தவோ 301-ஆம் பிரிவும் உயர்நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகின்றன. தஞ்சாவூர் மாவட்டத்தாருக்கு இதற்காகச் சென்னைவரை போகவேண்டியதில்லை. 2004 முதல் மதுரைக் கிளை இருக்கிறது. இருப்பினும் ஒன்றை மறக்கலாகாது: சிறு தாமதத்துக்கும் மனக்கசப்புக்கும் நீதிமன்றம் ஒருவரை நீக்கிவிடாது. உயில் எழுதியவர் நம்பித் தேர்ந்தெடுத்தவர் என்ற மதிப்பை அது அவருக்குக் கொடுக்கும். சொத்தைத் தம் சொந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தினார், கணக்கை மறைத்தார், பாரபட்சம் காட்டினார் என்பவற்றைத் தஸ்தாவேஜுகளால் காட்டவேண்டும்.

ஆறாவதாக, இவை யாவற்றிலும் விரிந்தது நிர்வாக வழக்கு. புரொபேட் எடுத்திருந்தாலும் எடுக்காவிட்டாலும், இறந்தவரின் சொத்து முழுவதையும் நீதிமன்றத்தின் மேற்பார்வையில் கணக்கெடுத்து, கடன் தீர்த்து, பங்கிட்டுக் கொடுக்கும்படி சிவில் நீதிமன்றத்தில் பிராது கொடுக்கலாம். நீதிமன்றம் முதலில் பூர்வாங்கத் தீர்ப்பு வழங்கிக் கணக்கு விசாரணைக்கு உத்தரவிடும். பின்னரே இறுதித் தீர்ப்பு. இடைக்காலத்தில் சொத்தை விற்கக்கூடாதென்று தடையுத்தரவு பெறலாம். வாடகையையும் குத்தகையையும் வசூலிக்க ரிசீவரை நியமிக்கும்படி கேட்கலாம். வழக்கு நிலுவையில் இருக்கும்போது அந்த நிலத்தை யாருக்கேனும் விற்றால், வாங்கியவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவரே என்று 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம் சொல்கிறது. நிறைவேற்றுநர் அச்சொத்தைத் தாமே நேராகவோ பினாமி மூலமாகவோ வாங்கிக்கொண்டிருந்தால், பாத்தியஸ்தர் கேட்கும் பட்சத்தில் அந்தக் கிரயம் தள்ளத்தக்கது. இது வாரிசுரிமைச் சட்டத்தின் 310-ஆம் பிரிவு. சொத்தைத் துர்விநியோகம் செய்தோ அழியவிட்டோ நஷ்டம் உண்டாக்கியவர், அதே சட்டத்தின் 368-ஆம் பிரிவின்படி, தம் கையிலிருந்து அதை ஈடுசெய்ய வேண்டும்.

குற்றவியல் வழி என்ன என்று கேட்பீர்கள். பிறர் நம்பி ஒப்படைத்த சொத்தை நேர்மையற்ற நோக்கத்தோடு தனதாக்கிக்கொள்வது நம்பிக்கை மோசடி என்னும் குற்றம். உயிலை மோசடி எண்ணத்தோடு அழிப்பதும் மறைப்பதும் அதைவிடப் பெருங்குற்றம், ஆயுள் தண்டனைவரை விதிக்கத்தக்கது. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த இவ்விதிகள், 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து பாரதிய நியாய சங்கிதையில் இடம்பெற்றிருக்கின்றன. ஆயினும் போலீஸ் நிலையத்துக்குப் போனால் ‘இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கள்’ என்ற பதில் கிடைப்பது சகஜம். கணக்குத் தகராறு மட்டுமே உள்ள இடத்தில் அந்தப் பதிலில் நியாயமும் உண்டு. உயிலை எரித்தார், நகையை விற்றார் என்பதற்குத் தெளிந்த ஆதாரம் உள்ளபோது மட்டும் இவ்வழியை நாடுவதே விவேகம். அச்சுறுத்துவதற்காகப் பொய்ப் புகார் கொடுப்பது உண்மை வழக்கையும் பலவீனப்படுத்திவிடும்.

காலவரம்பைப் பற்றி ஒரு சொல். உயில் கொடையைக் கோரி நிறைவேற்றுநர்மீது வழக்கிட, அது கொடுக்கத்தக்கதான நாளிலிருந்து பன்னிரண்டு ஆண்டு அவகாசம் என்று 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் கூறுகிறது. புரொபேட் விண்ணப்பத்துக்கோ மூன்றே ஆண்டு. அம்மூன்றாண்டு மரண நாளிலிருந்து ஓடத் தொடங்குவதன்று, விண்ணப்பிக்கும் உரிமை எழுந்த நாளிலிருந்தே என்று உச்சநீதிமன்றம் 2008-இல் விளக்கியிருக்கிறது. பன்னிரண்டு ஆண்டு என்றதும் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். அதற்குள் உயிலின் சாட்சிகள் இறந்துபோவார்கள், கடைக்காரர் மாறிவிடுவார், வாடகை எழுதிய நோட்டுப்புத்தகம் கறையானுக்கு இரையாகும்.

இரண்டு தெளிவுகளையும் இங்கே சொல்லியாகவேண்டும். பிதிரார்ஜிதக் கூட்டுச் சொத்தில் தகப்பனார் தமக்குரிய பங்குக்கு மட்டுமே உயில் எழுத முடியும். மற்றவர் பங்கு உயிலுக்கும் நிறைவேற்றுநருக்கும் கட்டுப்பட்டதன்று. அந்தக் கூட்டுச் சொத்தில் மணமாகாத மகள்களுக்குத் தமிழ்நாடு 1989-இலும், மணமானவர் ஆகாதவர் என்ற வேற்றுமையின்றி மகள்கள் யாவருக்கும் மத்திய அரசு 2005-இலும் பிறப்புரிமை அளித்தன. மற்றொன்று, வங்கி வைப்புக்கு அண்ணனின் பெயர் நாமினியாக இருப்பதால் பணம் அவருக்குச் சொந்தமாகிவிடாது. வங்கியிடமிருந்து பெற்றுக்கொள்ளும் உரிமையே அவருக்கு உண்டு, பெற்றதை உரியவருக்குச் சேர்ப்பிக்க வேண்டும் என்பது 2010-இல் வந்த உச்சநீதிமன்றத் தீர்ப்பின் சாரம்.

வக்கீல் வைக்க வசதியில்லையே என்று வருந்தும் தாய்மார்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி, பெண் என்ற ஒரே காரணத்தால், வருமானம் எவ்வளவாயினும், இலவச சட்ட உதவி பெறும் தகுதி உங்களுக்கு உண்டு. நீதிமன்ற வளாகங்களில் இயங்கும் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தால் போதும். அங்கேயே சமரசப் பேச்சுக்கும் மக்கள் நீதிமன்றத்துக்கும் வழி இருக்கிறது; மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் உடன்பாடு தீர்ப்புக்குச் சமமானது, அதன்மேல் அப்பீல் இல்லை. அண்ணனும் தங்கையும் பல வருஷம் வராந்தாவில் எதிரெதிர் பெஞ்சுகளில் உட்கார்ந்திருப்பதைவிட, நடுவர் ஒருவர் முன்னிலையில் கணக்கை விரித்துவைத்து ஒரே நாளில் கையெழுத்திட்டு எழுந்திருப்பது எவ்வளவோ மேல். அந்தச் சமரசமும் முழுக் கணக்கையும் பார்த்த பிறகு ஏற்பட்டதாக இருக்க வேண்டும். கணக்குக் காட்டாத சமரசம் ஏமாற்றத்தின் மறுபெயரே.

உயில் எழுத எண்ணியிருக்கும் பெரியோர்களுக்கும் ஒரு விண்ணப்பம். பெரும் பங்கு பெறுபவரையே ஒற்றை நிறைவேற்றுநராக நியமிப்பது, நல்லவரையும் சோதனைக்கு உள்ளாக்குவது. பங்கில்லாத நம்பிக்கையான ஒருவரைக் கூட்டாகச் சேர்த்து எழுதுங்கள். உயிலைப் பதிவு செய்யுங்கள். இன்ன தேதிக்குள் கணக்குக் கொடுக்கவேண்டும் என்று உயிலிலேயே வாசகம் வையுங்கள். உங்கள் வீட்டில் அமைதி நிலவுவதற்கு நீங்கள் விட்டுச்செல்லும் பணத்தைவிட இந்த வாசகம் அதிகம் உதவும்.

நிறைவேற்றுநராக இருக்கும் சகோதரர்களுக்குச் சொல்வேன்: நீங்கள் கேட்கப்படுமுன் கணக்கைக் காட்டிவிடுங்கள், அதைவிட உயர்ந்த மரியாதை உங்களுக்கு வேறெதனாலும் வராது. உரிமையுள்ள சகோதரிகளுக்குச் சொல்வேன்: உங்கள் தகப்பனார் தம் கையால் எழுதிக் கொடுத்ததை நீங்கள் கேட்பது பேராசையும் அன்று, பிறந்த வீட்டுக்குச் செய்யும் துரோகமும் அன்று, அவருடைய வார்த்தையை நிறைவேற்றும் காரியத்தில் உங்களுக்குள்ள பங்கு அது. வணக்கத்தோடு கேளுங்கள், எழுத்தில் கேளுங்கள், காலம் கடக்குமுன் கேளுங்கள்.